துணிந்து முடியுங்கள்

மூன்றாம் மாடியில் லெஃப்தெரிஸ் வீட்டு மணியை நான்காவது முறையாக அழுத்தினேன்.

மதியம் மூன்றரை. கிரீஸில், எங்கள் தெஸலோனிகியில், இந்நேரம் ஊரே சாப்பிட்டுவிட்டுத் தூங்கும். யாரும் யார் வீட்டு மணியையும் தொட மாட்டார்கள். எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்து என்னை முறைத்தாள். முறைக்கட்டும்.

என் கையில் லெஃப்தெரிஸ் கொடுத்த கதை இருந்தது.

நான் பத்திரிகையில் புத்தக விமர்சனம் எழுதுகிறவள். அது போதாதா, இந்தக் கட்டடத்தில் பேனா பிடித்தவர்கள் எல்லாரும் என் உயிரை வாங்குவதற்கு? சும்மா ஒரு பார்வை, பதிப்பாளரிடம் ஒரு வார்த்தை என்று வந்து நிற்பார்கள். மறுத்தால் பகை. அதனால் எதையும் படிக்காமல் எல்லாருக்கும் ஒரே குறிப்பை எழுதிக் கொடுத்துவிடுவேன்: "அருமையான நடை. முடிவில்தான் தயங்கிவிட்டீர்கள். துணிந்து முடியுங்கள்."

திருத்தப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை.

போன மாதம் லெஃப்தெரிஸ் வந்தார். நடக்க முடியாத மனைவி ஃபோதினியைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறார் என்று கட்டடமே மெச்சும் மனிதர். வெளியே போனால் வீட்டைப் பூட்டி, சாவியைக் கழுத்துக் கயிற்றில் போட்டுக்கொள்வார். தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டேன் என்பார். ஃபோதினியை நாங்கள் யாரும் பார்த்து இரண்டு வருடமாகிறது.

அவருக்கும் அதே குறிப்புதான்.

இன்று காலை லிஃப்டில் அதே தாள்களை மறுபடி நீட்டினார். "நீங்க சொன்ன மாதிரியே முடிவை மாத்தியாச்சு, எவான்தியாம்மா. இனிமேலும் சாக்குச் சொல்லாதீங்க."

சாப்பிட்ட பிறகு, வேறு வழியில்லாமல் பிரித்தேன்.

கதையில் 'நான்', 'நீ' என்று இரண்டே பேர். தினமும் மதியம் நான் உன் காப்பியில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விடுகிறேன். கசப்புத் தெரியாமல் இருக்க ஒரு கரண்டி சர்க்கரை கூடுதல். பிறகு மனம் வராமல் தொட்டியில் கொட்டிவிட்டு வேறு காப்பி போடுகிறேன்.

அந்தக் கடைசிப் பக்கம் பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது. கீழே புதிதாக இரண்டு வரி: "சனிக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு. இந்த முறை நான் கொட்டவில்லை."

இன்று சனிக்கிழமை.

ஐயோ, அந்தப் பாவப்பட்ட பெண்ணை நான்தான் கொன்றுவிட்டேன் என்று புலம்பிக்கொண்டே படியேறி ஓடி வந்தேன்.

ஐந்தாவது முறை அழுத்தப் போனபோது, உள்ளே சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

திறந்தது ஃபோதினி. சக்கர நாற்காலியில், உயிரோடு.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சில்லென்று இருந்தது.

அவள் என்னிடமிருந்த தாள்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"மெதுவாம்மா, அவர் தூங்குறார். நான் ஏதோ பொழுதுபோகாம கிறுக்குறேன்னு நெனச்சுக் கொண்டுவந்து கொடுத்தார், ஒரு வரி படிக்கல. என்னைப் படிச்சது நீங்க ஒருத்தர்தான்."

அவரது சாவிக் கயிறு அவள் கழுத்தில் கிடந்தது.