கொக்கு நிற்கும் இடம்

ஏரிக்கரையில் ஓவியர் ஒருவர் தினமும் குடையை விரித்து உட்கார்ந்து, எதிரே இருக்கும் மலையையும் ஏரியையும் வரைவார். மறுநாள் வந்து அதையே மறுபடி வரைவார்.

தண்ணீரில் நின்றிருந்த கொக்கு இதைக் கவனித்தது. "நான் அசைஞ்சு தொலைச்சதாலதான் படம் சரியா வரலை போல" என்று மீன்கொத்தியிடம் புலம்பியது. அன்றிலிருந்து ஒற்றைக்காலில் ஆடாமல் அசையாமல் நின்றது. காலடியிலேயே கெண்டைகள் துள்ளின, அது குனியவில்லை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

பார்க்கப் பொறுக்காமல் மீன்கொத்தி பறந்துபோய்க் குடைமேல் உட்கார்ந்து படத்தை எட்டிப் பார்த்தது. ஓவியர் முணுமுணுப்பதும் காதில் விழுந்தது. திரும்பி வந்து கத்தியது:

"அட அசடே! நீ படத்துலயே இல்லை. மலை உச்சி தண்ணியில தெரியற இடத்தை மறைச்சுக்கிட்டு நிக்கிறே. 'இந்தக் கொக்கு என்னைக்காவது நகராதா'ன்னுதான் மனுஷன் தினமும் வர்றாரு. கொஞ்சம் தள்ளி நில்லு, இன்னைக்கே முடிச்சிட்டுப் போயிடுவாரு."

கொக்கு திடுக்கிட்டது. "முடிச்சிட்டா, நாளைக்கு வரமாட்டாரா?"

"எதுக்கு வரணும்?"

கொக்கு வலித்த காலை மடக்கிக்கொண்டு, மறுகாலை அதே இடத்தில் ஊன்றியது.