இடப்பக்கம் இழுக்கும் படகு

கொக்கு விற்ற பழைய மீன்பிடிப் படகை நண்டு வாங்கியது. படகுக்கு உள்ளூர நடுக்கம். யார் ஓட்டினாலும் அது இடப்பக்கமே இழுக்கும். நண்டும் வேண்டாமென்று தள்ளிவிட்டால் அடுத்தது விறகுக்கடைதான்.

கரையை விட்டுக் கிளம்புமுன் படகு சொல்லிவிட்டது. "அண்ணே, நான் கொஞ்சம் இடப்பக்கம் இழுப்பேன்."

துடுப்பைப் பிடித்திருந்த நண்டு நெளிந்தது. "நான் துடுப்புப் போட்டா வலப்பக்கம்தான் போகும் தம்பி. எங்க வம்சத்துலயே நேராப் போனவங்க கிடையாது."

"ரெண்டும் சேர்ந்துதா? விளங்கிடும்!" என்று கரையில் தவளை சிரித்தது.

இருவரும் கிளம்பினார்கள். நடுக்குளத்தில் படகு மெல்லக் கூப்பிட்டது. "அண்ணே, பின்னால பாருங்க."

நீரில் அவர்கள் வந்த தடம் நூல் பிடித்தாற்போல் நேராகக் கிடந்தது.

நண்டு வெகுநேரம் பார்த்தது. "இது நாம போட்டதா?"