பருத்தி உடை மட்டும்

அவள் கதவைத் திறக்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா. மகள் வேலை செய்யும் இடத்தைப் பார்க்கத் திரேஸ்புரத்திலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருக்கிறாள். புதுப் பூனம் சேலை. மீன் விற்கப் போகும் சேலையிலா வருவாள்?

அந்தச் சேலைதான் சிக்கல்.

உள்ளே ஆய்வக மேசையில் பன்னிரண்டு கண்ணாடித் தட்டுகள் திறந்திருந்தன. கரையோரக் கடலின் மேல்நீரிலிருந்து அரித்தெடுத்த பிளாஸ்டிக் துணுக்குகள். வெறும் கண்ணுக்குத் தெரியாத பொடி. இரண்டு வருஷ உழைப்பு. பூனம் சேலையும் பிளாஸ்டிக் நூல்தான். ஓர் இழை பறந்து விழுந்தால் போதும், எது கடலில் வந்தது, எது சேலையில் வந்தது என்று யார் கண்டார்?

மேலே அங்கி மாட்டிவிடலாம். அது முழங்கால் வரைதான். அதற்குக் கீழே சேலை சேலைதான்.

ஒரு நிமிஷம்தானே என்று மனசு கெஞ்சியது. பெற்றவளை வாசலில் நிறுத்துகிறவள் என்ன மகள்?

அம்மா கதவில் ஒட்டியிருந்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

'பருத்தி உடை மட்டும். மற்றவர்கள் வெளியே நிற்கவும். யாராக இருந்தாலும்.'

கீழே மகளின் பெயர்.

எழுதும்போது அம்மாவை நினைத்து எழுதவில்லை.

அம்மா அந்தப் பெயரை விரலால் தொட்டாள். பிறகு தன் முந்தானையைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டடி பின்னால் போனாள்.

கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள் என்றே மகள் நினைத்தாள்.

அம்மா கிளம்பவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கதவை மறித்து நின்றுகொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத் துறைத் தலைவர் வந்தார். பளபளக்கும் சட்டை. 'யாராக இருந்தாலும்' என்று எழுதிவிட்டாளே தவிர, அவரைத் தடுக்க ஒருநாளும் அவளுக்கு வாய் வந்ததில்லை. அவர் வந்துபோன நாளின் தட்டுகளைப் பேசாமல் கொட்டிவிடுவாள்.

அவர் கதவில் கை வைத்தார்.

"சார், சட்ட பருத்தியா?" என்றாள் அம்மா. "இல்லன்னா வெளிய நில்லுங்க. எம்மவ எழுதிப் போட்டிருக்கால்லா!"

அவர் தாளைப் படித்தார். அம்மாவின் சேலையைப் பார்த்தார். தன் காலரைத் தடவிப் பார்த்தார்.

பிறகு கையை எடுத்துவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

அம்மா கொஞ்சம் தள்ளி அவருக்கு இடம் விட்டாள்.