பாலத்துக்கு அப்பால் அரசாங்கம்

இருளப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அரசாங்கத்தைத் தொட்டார்.

அரசாங்கம் என்றால் பலகை. 'அரசாங்க நிலம், அத்துமீறக் கூடாது' என்று மலாய் மொழியில் எழுதி, இரும்புக் கம்பத்தில் மாட்டி, பாலத்துக்கு இந்தப் பக்கம் நட்டு வைத்திருந்தார்கள். பலகை வரைக்கும் தேயிலைத் தோட்டம். பலகை தாண்டினால் பாலமும் அக்கரை ரோடும் அரசாங்கத்துடையது.

“நட்டு வச்சத புடுங்கறதுக்கு முன்னால ஒரு வார்த்த கேட்டுக்கணும் தங்கச்சி,” என்று கம்பத்தின் அடியில் சூடம் ஏற்றினார். காலைப் பனியில் அது அணைந்து அணைந்து போனது.

“கேட்டது போதும்ண்ணே. புடுங்குங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல வெள்ளக்காரம்மா வந்துரும்லா,” என்றாள் செல்லம்.

செல்லத்துக்கு அவசரம். மருமகள் யுவனேஸ்வரிக்கு இது நிறைமாதம். வலி எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். பிரிஞ்சாங் ரோட்டுக்குப் போக அந்தப் பாலம் ஒன்றுதான் வழி. மரமெல்லாம் இற்றுப்போய்க் கிடப்பதால் ஆம்புலன்ஸ் அக்கரையிலேயே நின்றுவிடும். போன மாதம் பக்கத்து வீட்டுக் காளிமுத்துவுக்கு நெஞ்சுவலி வந்தபோது நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நடுப்பாலத்தில், தூக்கினவன் கால் பொத்தென்று உள்ளே போய்விட்டது. காளிமுத்துதான் நாற்காலியை விட்டு இறங்கி அவனை வெளியே இழுத்துப் போட்டார்.

அரசாங்கத்திடம் கேட்காமல் இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் ஒய்பி, அதாவது தொகுதி உறுப்பினர், வருவார். பாலத்தில் ஏறாமல் ஓரமாக நின்று போட்டோ எடுத்துக்கொள்வார். அடுத்த வருஷம் என்பார். எந்த வருஷத்துக்கு அடுத்தது என்று யாரும் கேட்டதில்லை.

வெள்ளைக்காரம்மா கதை வேறு. தோட்டத்துத் தேயிலையை வாங்கிக் கடல் தாண்டி விற்கிற கம்பெனி அனுப்புகிற ஆடிட்டர் அவர். கொழுந்து எடுக்கிற ஜனம் மனுஷர் மாதிரி இருக்கிறார்களா என்று வருஷம் ஒருமுறை வந்து பார்ப்பார். போன முறை தொழிலாளர் வீடுகள் இருக்கிற லயத்துக் கக்கூஸ் கதவைச் சாத்திப் பார்த்தார். தாழ்ப்பாள் இல்லை. முகத்தைச் சுளித்தார். அவ்வளவுதான். அந்த வாரமே மேனேஜர் ஆள் வைக்காமல் தன் கையாலேயே தாழ்ப்பாள் அடித்தார்.

இன்னும் நாலு தடவை சுளித்தால் சொர்க்கமே வந்துவிடும் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

அப்போதே பாலத்தையும் காட்டினார்கள். மேனேஜர் ஓடிவந்து பலகையைச் சுட்டிக் காட்டினார். பாலம் தோட்டத்துக்கு வெளியே, அரசாங்கத்துடையது என்றார். சுளிக்கப் போன முகம் பாதியிலேயே திரும்பிவிட்டது.

அன்றைக்கே செல்லத்துக்கு விஷயம் விளங்கிப்போனது. பாலத்தை நகர்த்த முடியாது. பலகையை நகர்த்தலாம்.

லயத்தில் மாடு வளர்த்த காலத்திலிருந்தே கணக்கு அதுதான். பலகையைத் தாண்டி மேய்ந்த மாட்டை அரசாங்கம் ஓட்டிக்கொண்டு போகும். இந்தப் பக்கம் மேய்ந்தால் கங்காணி மட்டும்தான் கத்துவார். பலகை எங்கேயோ எல்லை அங்கே.

கம்பம் முனகிக்கொண்டு வெளியே வந்தது. அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு முனையைத் தூக்கினார்கள். நல்ல மரமாகப் பார்த்துக் கால் வைத்து அக்கரை சேர்ந்தபோது பனிக்குள்ளிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. கதவில் அரசாங்க முத்திரை.

இருளப்பன் தன் முனையைக் கீழே போட்டுவிட்டார்.

இறங்கியவர் நில ஆபீஸ் அதிகாரி ஜெகதீஸ்வரன். காய்கறித் தோட்டக்காரர்கள் அரசாங்க நிலத்துக்குள் வேலியைத் தள்ளிப் போடுகிறார்களா என்று பார்த்துத் திரிவதுதான் அவர் வேலை. கம்பத்தைப் பார்த்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம், தோட்டத்துக் கரையில் வாய் பிளந்து கிடந்த குழியைப் பார்த்தார். அதன் பக்கத்தில் புகைகிற சூடத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

செல்லம் மறைக்கவில்லை. பாலம், மருமகள், தாழ்ப்பாள், சுளித்த முகம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

“கோசு போட நெலத்த திருடறவன புடிச்சிருக்கேன்,” என்றார் ஜெகதீஸ்வரன். “ஒடஞ்ச பாலத்த திருடறவங்கள இன்னக்கித்தான் பாக்குறேன்.”

“புடிக்கறதுன்னா புடிங்க சார். ஆனா இங்கயே இருங்க. மருமகளுக்கு வலி வந்தா ஒரு பக்கம் நீங்க தூக்கலாம்.”

இருளப்பன் கண்ணை மூடிக்கொண்டார். வாயில் ஏதோ மந்திரம் ஓடியது.

அதிகாரி பாலத்தருகே போய் ஒரு மரத்தைக் காலால் மிதித்தார். அது துண்டாக உடைந்து தண்ணீரில் விழுந்து மிதந்து போனது. அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“அந்தம்மா கூரையெல்லாம் பாக்குமா?”

“பாக்குமே. எங்க வீட்டுல ஒரே ஒரு தடவ அண்ணாந்து பாத்துச்சு. மறுவாரம் புதுத் தகரம்.”

ஜெகதீஸ்வரன் ரோட்டைப் பார்த்தார். அது மேலேறி, வளைந்து, பனிக்குள் போயிற்று.

“இங்க நடாதீங்க. அந்த வளைவு தாண்டி நடுங்க.”

இருளப்பன் கண்ணைத் திறந்தார். “அங்க என்னங்க சார் இருக்கு?”

“என் குவார்ட்டர்ஸ். மழ வந்தா கொட புடிச்சிக்கிட்டுத்தான் டீவி பாக்குறோம்.”

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, கீழே கிடந்த முனையை அவரே தூக்கித் தோளில் வைத்தார்.

“கோணலா மட்டும் நட்டுறாதீங்க அக்கா. மாசாமாசம் பலகைய செக் பண்றது நான்தான்.”