பெயருக்குப் போகும் வயர்

சாவியைத் திருப்பியதும் ‘டக்’ என்றது. இன்னொரு முறை ‘டக்’. பிறகு அதுவும் இல்லை.

வண்டிக்கு வெளியே நின்ற பெரியவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

ஆம்புலன்ஸின் கண்ணாடி முழுக்க உறைபனி. உள்ளே பிரசவ வலியில் மரகதம். பக்கத்தில் அவள் அம்மா. ஆஸ்பத்திரி மலைக்குக் கீழே, மேட்டுப்பாளையத்தில்.

வண்டி, ஊருக்கு அவர் கொடுத்தது. அது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போய்விடக் கூடாதே என்றுதான் கூரைமேல் ஆள் நீளத்துக்கு ஒரு போர்டு. ‘உபயம்’ என்று சின்னதாக. அவர் பெயர் பெரிதாக. உள்ளே ஆறு பல்பு.

‘ஆம்புலன்ஸ்’ என்கிற எழுத்து, இடம் போதாமல் பின்கதவுக்குப் போயிருந்தது.

டிரைவர் பெள்ளி தினமும் அந்தப் பல்புகளின் வயரைக் கழற்றிவிட்டுத்தான் படுப்பான். பனிக்காலத்தில் பேட்டரி தாங்காது. நேற்று ராத்திரி ஒரு கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது அவர் பார்த்துவிட்டார்.

“எம்பேரு இருட்டுல கெடக்குது. உனக்குத் தூக்கம் கேக்குதா?”

பெள்ளி எழுந்து வந்து, அவர் பார்க்க, சீட்டுக்கு அடியில் வயரை மாட்டினான்.

பெயர் விடிய விடிய எரிந்தது.

கேரட் ஏற்றப் போன பிக்கப் ஒன்றை மறித்து, அதன் பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்தான் மெக்கானிக் சகாயம். என்ஜின் இருமிக்கொண்டு எழுந்தது. முதலில் உயிர் வந்தது கூரைமேல் இருந்த பெயருக்குத்தான்.

சுற்றி நின்ற கூட்டம் கைதட்டியது.

சகாயம் மட்டும் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வண்டி ஓடுறப்போ பதினாலு வோல்ட் காட்டணுங்க. இது பன்னெண்டத் தாண்ட மாட்டேங்குது. சார்ஜே ஏறல. இப்படியே எறக்குனா வளைவுல நின்னுரும்.”

“நின்னா தள்ளிக்கலாம்” என்றது ஒரு மங்கி குல்லாய்.

“புள்ளத்தாச்சிய உள்ள வச்சுக்கிட்டா? நீ வாய மூடு.”

சகாயம் நிமிர்ந்து கூரையைப் பார்த்தான். “இந்தப் போர்டு கீர்டு இழுக்குதுங்களா ஐயா?”

“போர்டா?” அவர் குரலில் மைக் இருந்தது. “மந்திரி வந்து சுவிட்ச் போட்ட போர்டுய்யா அது. டைனமோவப் பாரு.”

டைனமோவைக் கழற்றி மாட்ட ஒரு மணி நேரமாவது ஆகும் என்றான் சகாயம். என்ஜினை அணைத்தான். ஸ்பேனரை எடுத்தான்.

பெள்ளி ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று வாங்கியது போதும் என்று நினைத்திருப்பான்.

உள்ளே மரகதம் கத்தினாள்.

முதல் போல்ட் கழன்றது.

இப்போது சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

அவர் கூட்டத்தைப் பார்த்தார். பாதிப் பேர் திறப்பு விழாவில் கேசரி சாப்பிட்டவர்கள்.

இரண்டாவது போல்ட்.

மரகதத்தின் சத்தம் நின்றிருந்தது. அவள் அம்மாதான் கத்திக்கொண்டிருந்தாள். “கண்ணத் தொறடி. அம்மாவப் பாருடி.”

அவர் சகாயத்தின் காதருகே குனிந்தார்.

“டிரைவர் சீட்டுக்கு அடில மஞ்ச வயரு ஒண்ணு போகுது. அத உருவு.”

“அது எதுக்குப் போறதுங்க?”

“உருவுய்யா.”

கழன்ற போல்ட்டுகள் திரும்ப ஏறின. மறுபடி கேபிள். மறுபடி சாவி.

என்ஜின் எழுந்தது. கூரைமேல் எதுவும் எரியவில்லை.

மீட்டர் மெல்ல ஏறியது. பதின்மூன்று. பதின்மூன்றரை.

“ஏறுதுடா!”

பெள்ளி கேபிளைக் கழற்றக்கூடப் பொறுக்கவில்லை. சகாயம்தான் பிடுங்கிப் போட்டான். வண்டி பறந்தது.

“டைனமோ இல்லியாடா அப்ப?” மங்கி குல்லாய்தான்.

சகாயம் கையைத் துடைத்துக்கொண்டான். “ஐயாதான் எடம் சொன்னாரு.”

அவ்வளவுதான் சொன்னான். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

“பாத்தியா! மெக்கானிக்குக்கே தெரியல. ஐயா கையே வைக்காம கண்டுபிடிச்சிட்டாரு.”

“இன்னிக்கு ஐயா மட்டும் இங்க இல்லேன்னு வையி…”

யாரோ அவர் தோளில் நழுவிய சால்வையைச் சரிசெய்துவிட்டார்கள்.

கீழே வளைவுகளில் சைரன் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை.

மலை மறைத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டார்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ஏதாவது பேசுவார் என்று.

அவர் வாயைத் திறந்தார். வெண்புகை மட்டும் வந்தது.

மூடிக்கொண்டார்.

“ஐயா எப்பவும் இப்படித்தான்” என்றது மங்கி குல்லாய். “தன்னப் பத்தி ஒரு வார்த்த சொல்லிக்க மாட்டாரு.”