கிளியின் வயிறு

யுத்தத்தில் மூடிக்கிடந்த பாதை திறந்த பிறகு பரந்தன் சந்தியால் போகிற பஸ்களிலெல்லாம் பவளராணியின் துணிக்கிளிதான் தொங்கியது. விமலேஸ்வரிக்கு வயிறு எரிந்தது.

இரண்டு பேரும் ஒரே எம்பிறோய்டறி மெசினில் கிளி தைக்கப் பழகினவர்கள். அவளின் கிளி மட்டும் எப்படி இப்படி நிமிர்ந்து நிற்கிறது? முந்திக் குருடு மாதிரி இருந்த கண்கூட இப்போது உயிரோடு பார்க்கிறது!

"அண்ணை, என்ர கிளியள் விக்கேல்லையோ?" என்று இரண்டு பேரின் கிளிகளையும் விற்கிற கடைக்காரரைக் கேட்டாள்.

"விக்குது பிள்ளை. ஒராள்தான் கிழமைக்குக் கிழமை வாங்கிறா. பேரைச் சொல்ல வேண்டாமெண்டவா."

தரம் தெரிந்தவள் ஒருத்தியாவது இருக்கிறாளே என்று மனம் குளிர்ந்தது.

"பவளராணியின்ர கிளி ஒண்டு தாங்கோ. நான் வாங்கினதெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

கடைக்காரர் ஏனோ சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் குசினிக் கதவைச் சாத்திவிட்டு, அப்படி என்னத்தைத்தான் உள்ளே அடைக்கிறாள் என்று கிளியின் வயிற்றை வெட்டிப் பிரித்தாள்.

பஞ்சு இல்லை. வெட்டின துணித்துண்டுகள்தான் பொலபொலவென்று கொட்டின. பச்சைச் செட்டைகள், சிவப்புச் சொண்டுகள். நடுவே, விமலேஸ்வரி தன் கையாலேயே மெசினில் தைத்த கண்கள் அவளை விழித்துப் பார்த்தன.

அந்த வாடிக்கைக்காரியும் குசினிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் வெட்டியிருப்பாள்.