கம்பம் நடுவதற்குள்

"அவளை மரியாதையா அனுப்பி வெச்சுருங்க அத்தை. இல்லீன்னா அக்ஷயா மொகத்தை அவ இந்த ஜென்மத்துல பாக்க முடியாது."

வாசலில் கிடந்த ஒரே ஜோடி ரப்பர் செருப்பைக் காலால் தள்ளிவிட்டு உள்ளே வந்தான் சரவணன். நாற்காலியில் உட்கார்ந்து பைக் சாவியை விரலில் சுழற்றினான். மாமியார் சாந்தாமணி கைகூப்பாத குறையாக நின்றார்.

"அனுப்பாம என்னங்க மாப்பிள்ளை! வாரேன்னு காலைல நீங்க போன் பண்ணுனதுமே கனகத்துகிட்டச் சொல்லிப்போட்டேன். உள்ள துணிமணி எடுத்து வெச்சிட்டிருக்கா."

சாத்தியிருந்த அறைக்குள் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கனகத்தின் கைக்கட்டைப் பிரித்து இரண்டு வாரம்தான் ஆகிறது. கையை முறித்தவன் குழந்தை அக்ஷயாவை உடுமலையில் தன் அம்மாவிடம் வைத்துக்கொண்டு, இவளை மட்டும் விரட்டியிருந்தான். இப்போது சமைக்க ஆளில்லை போலிருக்கிறது.

தெருவில் ஒலிபெருக்கி ஆட்டோ வந்தது.

"துடியலூர் பொதுமக்களுக்கு அறிவிப்பு! மாரியம்மன் கோயில் நோம்பிக்கு இன்று பொழுது சாயக் கம்பம் நடப்படும். புதன்கிழமை கோலப்போட்டி, வெள்ளிக்கிழமை தீச்சட்டிப் பூவோடு, ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளின் மாறுவேடப் போட்டி, பாட்டுக் கச்சேரி! வெளியூர் போக வேண்டியவர்கள் கம்பம் நடுவதற்குள் புறப்பட்டு விடுங்கள்!"

அம்மன் முன்னால் அந்த மரக் கம்பம் நடும்போது ஊருக்குள் இருப்பவர்கள், அதைப் பிடுங்கும் நாள்வரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. சரவணனுக்கு இது நன்றாகவே தெரியும். போன வருடம் கனகத்தின் அப்பா சாகக் கிடந்தபோது, 'எங்கூர்ல கம்பம் நட்டாச்சு' என்று அவளைப் படி தாண்ட விடாதவன் அவன்தான்.

அவன் கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு. சின்ன வயதில் செத்துப் பிழைத்தவன். அவன் பயப்படுகிற ஒரே பெண் மாரியம்மன்தான்.

"சீக்கிரம் வரச் சொல்லுங்க. கம்பத்தைச் சாக்கு வெச்சு அவளை இங்கியே நிறுத்தற வேலையெல்லாம் எங்கிட்ட வேண்டாம்."

"அய்யோ, அப்படிச் செய்வனுங்களா? கம்பம் நட்டுட்டா எண்ணெய்ச் சட்டி வெக்கக் கூடாதுங்க. ஊட்டுக்கு வந்த மாப்பிள்ளை வெறும் வயித்தோட போலாமுங்களா? ரெண்டு வடை சுட்டுப்போட்டு வாரேன்."

குட்டக் குட்டக் குனிகிறவர் என்று சொந்தக்காரர்கள் சாந்தாமணியைச் சும்மா சொல்லவில்லை. வடை வந்தது. பிறகு காப்பி வந்தது. "கனகு, சீக்கிரம் கண்ணு!" என்று அறையைப் பார்த்து ஒரு குரலும் கொடுத்தார். ரேடியோதான் பதில் சொன்னது.

"மச்சான் எங்க? நான் வந்திருக்கறது தெரியாதா?"

"கந்தப்பனுங்களா? ஒரு சோலியாப் போயிருக்கானுங்க."

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. மேளச் சத்தம் தெருத்தெருவாக நெருங்கியது. இரண்டாவது தம்ளர் காப்பி அவன் கையில் இருக்கும்போது மேளம் சட்டென்று நின்றது. கோயில் பக்கம் வெடி வெடித்தது. பெண்களின் குலவை எழுந்தது.

சரவணன் தம்ளரை வீசிவிட்டு எழுந்தான்.

"நெனச்சேன்! வடையக் குடுத்தே நேரத்தை ஓட்டிட்டீங்க. சரி, அவ இங்கியே கெடக்கட்டும். நான் போன கையோட புள்ளையக் கண்காணாத எடத்துல கொண்டுபோய் உட்டர்றேன். அப்புறம் அழுது என்ன பிரயோஜனம்?"

"நீங்களும் போகக் கூடாதுங்க மாப்பிள்ளை." சாந்தாமணியின் குரல் உயரவே இல்லை. "கம்பம் நட்டப்ப நீங்களும் ஊருக்குள்ளதான இருந்தீங்க? ஆத்தா பாத்துட்டுத்தான் இருக்கறாளுங்க."

அவன் கை தானாகக் கன்னத்துத் தழும்பைத் தொட்டது. வாசல்வரை போனவன் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு ஆரம்பித்தது.

பயம் கோபமாகத் திரும்பியது. பாய்ந்து வந்து அறைக் கதவை எட்டி உதைத்தான். தாழ் போடாத கதவு சுவரில் மோதித் திறந்தது.

கட்டிலில் ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

கீழே உருண்ட தம்ளரை எடுத்து வைத்தபடி, அதே பணிவோடு சாந்தாமணி சொன்னார்:

"மத்தியானமே அண்ணனோட பஸ் ஏறிட்டாளுங்க, இந்நேரம் உடுமலைல புள்ளையத் தூக்கியிருப்பா."